அவன் பக்கத்துச் சோறு

கோட்டைப்பட்டினம்
20-4-1948

மருமகள் பரக்கத் நிஷாவுக்கு உன் மாமி ஜொஹரா பீவி எழுதுவது. ஸலாம். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்கிற நிலையில் நீ என்னை வைக்கவில்லை.

கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு உங்கள் கறம்பக்குடிச் சந்தைக்கு வருகிறாளே காத்தாயி, அவள் நேற்று என் வாசலில் வந்து நின்றாள். "என்ன பீவி, ஒங்க மருமக வெள்ளச் சீல கட்டிக்கிட்டு உள் அறையில ஒக்காந்துருக்காமே! கழுத்துல கருகமணியக்கூடக் காணோமாம். ஒங்களுக்குத் தாக்கல் வரலயா?" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளிடம் வாங்கிய கருவாட்டை அவள் கூடையிலேயே திருப்பிப் போட்டுவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

இத்தா இருக்கிறாயா நீ? புருஷன் மௌத்தானவள் அல்லவா நாலு மாசம் பத்து நாள் உள்ளே அடைந்திருந்து இத்தா கழிப்பாள்? உன் புருஷன் மௌத்து என்று யார் சொன்னது? நான் சொன்னேனா? அவனைப் பெற்றவள் இங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன்.

கப்பலை ஜப்பான்காரன் குண்டு போட்டு முழுக்கினான். இல்லை என்று சொல்லவில்லை. நடந்து ஆறு வருஷமும் ஆகிவிட்டது. கப்பல் முழுகினால் அதில் வேலை பார்த்த அத்தனை பேரும் முழுக வேண்டும் என்று எந்தக் கிதாபில் போட்டிருக்கிறது? அதே கப்பலில் அடுப்புக்குக் கரி தள்ளிய அடைக்கலம் முழுகினானா? வலது கையில் ரெண்டு விரலைக் கொடுத்துவிட்டு உயிரோடு வந்து, இதோ ஜெகதாப்பட்டினத்தில் வலை இழுத்துக்கொண்டிருக்கிறான். கம்பெனிக்காரன்கூட என் ஹாஜாவைக் காணவில்லை என்றுதான் தந்தி கொடுத்தான்.

எங்கள் பள்ளிவாசல் லெப்பை என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? மய்யித்து இல்லாமலே தொழ வைக்கிற காயிப் ஜனாஸாவை ஹாஜாவுக்குத் தொழ வைக்க வேண்டுமானால், பெற்றவள் நான் வாய் திறந்து சொல்ல வேண்டும். நான் திறக்கவில்லை. அப்படியிருக்க நீ எப்படி வெள்ளை கட்டினாய்?

உங்கள் ராஜா நாட்டையும் எங்களோடு சேர்த்துவிட்டார்களாமே. எல்லைச் சாவடிகூட இல்லையாம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப இனிமேல் என்ன தடை? உன் அத்தாவுக்கு அரபு எழுத்தில் எழுதுகிற இந்த அரபுத் தமிழ் வாசிக்க வராது என்கிற தைரியத்தில் எழுதுகிறேன். அவர் அவசரக்காரர். அவர் அவசரத்துக்கு என் பிள்ளை சாக முடியாது.

ஜொஹரா பீவி


கறம்பக்குடி
2-5-1948

மாமி அவர்களுக்கு நிஷாவின் ஸலாம்.

உங்கள் கடிதத்தைத் தபால்கார வீரய்யா கதவிடுக்கில் செருகிவிட்டுப் போனார். வாசித்தேன். எழுந்து கருகமணியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். வெள்ளையை அவிழ்த்தெறிந்துவிட்டுக் கொல்லையில் போய் எல்லாரும் பார்க்க நின்றேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதது. அத்தா கடையிலிருந்து ஓடிவந்து, "ஒக்காருறதும் எந்திரிக்கிறதும் வெளையாட்டா ஒனக்கு? ஊரு சிரிக்காதா?" என்று சத்தம் போட்டார். அவர் என்னை அடிக்காமல் விட்டதே பெரிது.

வெள்ளை கட்டச் சொன்னது அத்தாதான். நான் மறுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் காத்தாயிக்குத் தெரிந்திருக்கும், உங்களிடம் சொல்லப் பயந்திருப்பாள். இங்கே கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற ஜமால் முகமதுக்கு என்னைக் கேட்கிறார்கள். நல்ல மனுஷன் என்கிறார்கள். ஒரே ஒரு சொல் சொன்னாராம் அத்தாவிடம். "அவங்க மாமியார்ட்ட கேட்டுட்டு வாங்க. அவங்க மனசு நோவ எனக்கு வேணாங்க." அத்தா உங்களிடம் கேட்காமலே கேட்டதாகச் சொல்லிவிட்டார்.

இதை எழுதலாமா கூடாதா என்று நாலு தடவை காகிதத்தைக் கிழித்தாயிற்று. மாமி, உங்கள் மகனோடு நான் வாழ்ந்தது ஒரு மழைக்காலம். அவ்வளவுதான். அப்போது எனக்குப் பதினாறு வயது. அவர் கப்பல் வேலைக்குக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியபோது எனக்கு அழுகைகூடச் சரியாக வரவில்லை, வெட்கம்தான் வந்தது. இப்போது இருபத்துமூன்று. பகலில் நான் புருஷன் உள்ளவள், இரவில் இல்லாதவள். ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால் என்னை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்க்கிறார்கள்.

எனக்கு ஒரு சொல் கொடுங்கள். இருக்கிறார் என்று நீங்கள் சொன்னால் இருக்கிறேன், யார் என்ன சொன்னாலும் சரி. இல்லை என்று சொன்னால் இத்தாவில் உட்காருகிறேன். ரெண்டையும் சேர்த்துச் சுமக்க எனக்குத் தெம்பு இல்லை. உங்கள் சொல்தான் எனக்கு. அத்தாவுடையது இல்லை.

நிஷா


கோட்டைப்பட்டினம்
18-5-1948

என் கண்ணு மகளே,

கோபத்தில் எழுதிவிட்டேன். இந்த வாய் எப்போதும் இப்படித்தான். ஹாஜாவும் சொல்வான், "உம்மா, ஒங்க வாயி இருக்கே, அது கடல் தாண்டிக் கேக்கும்" என்று. கேட்கட்டும். அவனுக்குக் கேட்கட்டும்.

சொல் கேட்டாய். சொல்கிறேன். இருக்கிறான்.

அடைக்கலத்தை நேற்று மறுபடியும் கூப்பிட்டு அனுப்பி உட்கார வைத்துக் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பீவிம்மா, கப்பல் சாஞ்ச ஒடனே எல்லாரும் குதிச்சோம். ஹாஜா ஒரு பலகையப் புடிச்சுக்கிட்டு நல்லாத்தான் நீந்துனான். 'அடைக்கலம், இங்கிட்டு வா, இங்கிட்டு வா'ன்னு என்னயத்தான் கூப்புட்டான். நான் அங்கிட்டுப் போறதுக்குள்ள பெரிய அலை ஒண்ணு. அதுக்கப்புறம் நான் அவனப் பாக்கல." பார்த்தாயா? செத்ததைப் பார்த்தேன் என்று அவன் சொல்லவில்லை. நீந்தினான் என்கிறான். கூப்பிட்டான் என்கிறான். என் பிள்ளைக்கு நீச்சல் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, நடக்கிறதுக்கு முன்னாலேயே தண்ணீரில் கிடந்தவன்.

சண்டை முடிந்து பர்மாவிலிருந்து வந்த ஒருவரை நாகப்பட்டினத்தில் பார்த்தேன். கடலில் மிதந்தவர்களையெல்லாம் ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டுபோய் காட்டுக்குள் ரயில் ரோடு போட வைத்தானாம். அதில் நம் பக்கத்துப் பிள்ளைகளும் இருந்தார்களாம். சண்டை முடிந்த பிறகும் வீட்டு வழி தெரியாமல் பினாங்கிலும் மலாயாவிலும் கிடக்கிறார்களாம். ஒருத்தன் புத்தி பேதலித்துத் தன் பெயரையே மறந்துவிட்டானாம். அது நம் ஹாஜாவாக இருக்கக் கூடாதா?

நானும் என் தங்கச்சியும் ஒரே சஹனில்தான் சாப்பிடுகிறோம். நீ இங்கே வந்த புதிதில், ஒரே தட்டில் எல்லாரும் கை வைத்துச் சாப்பிடுகிற பழக்கம் உங்கள் ஊரில் இல்லை என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவன்தானே தன் பக்கத்து மீனை உன் பக்கம் தள்ளித் தள்ளி உன்னைச் சாப்பிட வைத்தான். இன்றைக்கும் சஹனில் அவன் பக்கத்துச் சோற்றை நாங்கள் தொடுவதில்லை. புளியாணம் ஊற்றும்போது அந்தப் பக்கமும் ஊற்றி வைக்கிறேன். சாப்பிட்டு முடித்த பிறகு அதை எடுத்து யாராவது ஏழைக்குக் கொடுத்துவிடுவேன். அவன் வந்து உட்காரும் நாளில் அந்த இடம் அவனுக்குத் தயாராக இருக்க வேண்டும் அல்லவா.

பொறுத்திரு மகளே. உன் அத்தாவிடம் ஜொஹரா பீவி சொன்னாள் என்று சொல்.

உன் மாமி


கறம்பக்குடி
9-2-1949

மாமிக்கு ஸலாம்.

சொல்லிவிட்டேன். அத்தா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். ஏதாவது வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்கிறார்.

ஜமால் முகமதுக்குக் கந்தர்வக்கோட்டையில் பெண் எடுத்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஊர்வலம் எங்கள் தெரு வழியாகத்தான் போயிற்று. நான் பார்க்கவில்லை என்று எழுதலாம் என்று இருந்தேன். பார்த்தேன். ஜன்னலைச் சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அவர் முகம் வியர்த்திருந்தது, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நல்லது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் என்ன நினைப்பது.

தையல் பழகுகிறேன். பக்கத்து வீட்டில் மிஷின் இருக்கிறது. ரவிக்கை, பாவாடை எல்லாம் வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும், கேட்கவே பயமாக இருக்கிறது. உங்கள் மகனுக்குப் புருவத்தில் ஒரு வெட்டுக் காயம் உண்டே, அது வலது பக்கமா இடது பக்கமா? போன வாரம் தைத்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று தெரியாமல் போய்விட்டது. மிஷினை நிறுத்திவிட்டு யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், முகமே வர மாட்டேன் என்கிறது. ஒரு போட்டோகூட இல்லை நம்மிடம். சிரிப்புச் சத்தம் மட்டும் நினைவு இருக்கிறது. சத்தத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனுக்காக எத்தனை காலம் காத்திருப்பது மாமி? கோபித்துக்கொள்ளாமல் எந்தப் பக்கம் என்று மட்டும் எழுதுங்கள்.

நிஷா


கோட்டைப்பட்டினம்
30-8-1951

மகள் நிஷாவுக்கு,

இடது புருவம். முன்பே எழுதினேன், மறுபடியும் எழுதுகிறேன், மறக்காதே. ஐந்து வயதில் தோணி விளிம்பில் மோதிக்கொண்டான். ரத்தம் கொட்டக் கொட்டச் சிரித்துக்கொண்டு வந்தான். காதுக்குப் பின்னால் ஒரு மச்சம். வலது கால் பெருவிரல் நகம் கறுத்திருக்கும். நடக்கும்போது தோள் கொஞ்சம் முன்னால் போகும், அவன் வாப்பா மாதிரி. தினம் ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார், மனதில் நிற்கும்.

பினாங்குக் கப்பல் வருகிறது என்றால் நாகப்பட்டினத்துக்கு ஓடிவிடுகிறேன். அறந்தாங்கியில் ரயில் ஏறினால் மாறி மாறிப் போய்ச் சேர ஒரு பகல் ஆகிறது. தங்கச்சி திட்டுகிறாள், "அக்கா, ஒனக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு" என்று. பிடித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் நடந்ததைக் கேள். கப்பலிலிருந்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுவந்து கரையில் இறக்குகிறார்கள். நான் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஹாஜா முகைதீன்! ஹாஜா முகைதீன்!" என்று கத்தினேன். மூன்று பேர் திரும்பினார்கள் மகளே! ஒருத்தன் வியாபாரி, தொப்பையும் குடையுமாக இருக்கிறான். ஒருத்தன் மீசை முளைக்காத பயல். மூன்றாவது ஆள் தாடிக்கு மருதாணி போட்ட கிழவர். அவர் பக்கத்தில் வந்து, "நாந்தாம்மா ஹாஜா முகைதீன், என்ன வேணும் ஒனக்கு?" என்றார். "நீங்க வேணாம் வாப்பா, நீங்க போங்க" என்று சொல்லிவிட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரயிலில் திரும்பி வரும்போதுதான் அழுதேன்.

அடுத்த கப்பலுக்கும் போவேன். நீ மனதைத் தளரவிடாதே.

உன் மாமி


கறம்பக்குடி
14-10-1953

மாமிக்கு,

அத்தா மௌத்தான செய்தியைத் தந்தியில் பார்த்திருப்பீர்கள். கடைசிவரை என்னிடம் பேசவில்லை. மூச்சு வாங்கும்போது நான்தான் வாயில் தண்ணீர் விட்டேன். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

அம்மா இத்தா கழித்து நேற்று எழுந்து வந்தது. நான் போன தடவை உட்கார்ந்த அதே அறைதான். உள்ளே போகும்போது ஆளைப் பிடித்துத்தான் கொண்டுபோனோம், அப்படி ஒரு அழுகை. நேற்று குளித்துவிட்டு வெளியே வந்து, "வெயிலு நல்லா காயுது, மொளகாயக் காயப்போடு" என்றது. அவ்வளவுதான். முடிந்துவிட்டது. அத்தாவின் கபுர் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும், கத்தம் ஓதுவது எந்தத் தேதி என்று தெரியும், அழுது தீர்க்க ஒரு கணக்கு இருந்தது, அழுதது, எழுந்து வந்துவிட்டது.

சொல்ல வெட்கமாக இருக்கிறது மாமி. என் அம்மாவைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

இனி இந்த வீடு தம்பியுடையது. தம்பி மனைவி நல்ல பெண்தான். ஆனாலும் போன வாரம் அவள் யாரிடமோ, "எங்க நாத்தனா கழுத்துல மணியும் கெடக்கு, கட்டில்ல ஆளும் இல்ல" என்று சொல்லிச் சிரித்தது காதில் விழுந்தது. அவளுக்கும் நான் ஒரு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன் அப்போது. தைத்து முடித்துக் கொடுத்தேன்.

உங்கள் மகனுடைய அங்க அடையாளங்களைத் தினமும் சொல்லிப் பார்க்கிறேன். இடது புருவம். காதுக்குப் பின்னால் மச்சம். கறுத்த நகம். இப்போது முகம் வருகிறது. நீங்கள் சொன்ன முகம் வருகிறது. நான் பார்த்த முகம்தானா என்று தெரியவில்லை.

நிஷா


கோட்டைப்பட்டினம்
21-12-1955

மகளே நிஷா,

நாங்கள் உயிரோடு இருக்கிறோம். கார்த்திகையில் அடித்த புயலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பாய். கடல் ஊருக்குள் வந்துவிட்டது. ஓடு எல்லாம் பறந்து, கொல்லைச் சுவர் விழுந்து, நானும் தங்கச்சியும் பள்ளிவாசல் மாடியில் ரெண்டு நாள் கிடந்தோம். தண்ணீர் வடிந்த பிறகு வந்து பார்த்தால் வீட்டில் ஒரு சாமான் இல்லை. சஹன் மட்டும் உடைமுள்ளில் சிக்கிக்கிடந்தது.

அதை எழுத இந்தக் கடிதம் இல்லை.

அடைக்கலம் புயலுக்கு முந்தின நாள் கடலுக்குப் போயிருந்தான். மூன்றாம் நாள் கரையில் ஒதுங்கினான். என்னைக் கூப்பிட வந்தார்கள், அவன் பெண்டாட்டி தங்கமுத்துவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று. போனேன். மகளே, நான் பிறந்ததிலிருந்து கடற்கரையில் இருக்கிறவள். கடலில் போன மய்யித்தை யாராவது தூக்கி வந்தால் கதவைச் சாத்திக்கொள்வேன், ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். முகம் என்று ஒன்று இல்லை. கண்ணை மீன் தின்றிருந்தது. தங்கமுத்து அவன் வலது கையைத் தூக்கி, இல்லாத அந்த ரெண்டு விரலைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான், "எம்புருசந்தான்... எம்புருசந்தான்" என்று விழுந்தாள். மூன்று நாள்தான் ஆகியிருந்தது நிஷா. மூன்றே நாள்.

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். பலகையைப் பிடித்துக்கொண்டு நீந்தினான் என்று எனக்குச் சொன்ன வாய் அது. இனி அதைச் சொல்ல ஆள் இல்லை. அடுத்து ஒரு அலை என்று அவன் சொன்னானே, அதை நான் இத்தனை வருஷமும் காதில் வாங்கவே இல்லை. அன்றைக்குத்தான் வாங்கினேன்.

லெப்பையிடம் போய் வாய் திறந்து சொல்லிவிட்டேன். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹாஜா முகைதீனுக்குக் காயிப் ஜனாஸா தொழ வைத்துவிட்டார்கள். கடலில் மாண்டவன் ஷஹீத், நேரே சொர்க்கத்துக்குப் போகிறவன் என்று லெப்பை சொன்னார். ஊரே வந்து தொழுதது. பெண்கள் எங்கள் வீட்டில் யாசீன் ஓதினார்கள்.

உனக்கு முப்பதுதான் ஆகிறது. அது ஒரு வயதா? நான் சொன்னேன் என்று இருந்தாய். இப்போது நான் சொல்கிறேன், இத்தாவில் உட்கார். கழித்துவிட்டு எழுந்திரு. உன் தம்பிக்கும் தனியாக எழுதச் சொல்லியிருக்கிறேன். நல்ல இடமாகப் பார்க்கட்டும்.

உன் மாமி


கறம்பக்குடி
2-1-1956

மாமி அவர்களுக்கு,

உட்கார மாட்டேன்.

யாரைக் கேட்டுத் தொழ வைத்தீர்கள்? பெற்றவள் வாய் திறந்தால் போதுமா? கட்டியவளுக்கு வாய் இல்லையா? அன்றைக்கு நான் ஒரு சொல் கேட்டேன். அப்போது எனக்கு இருபத்துமூன்று. அப்போதே இல்லை என்று சொல்லியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். ஜமால் முகமதின் மூத்த மகள் நேற்று என்னிடம் பாவாடை தைக்க வந்தாள் மாமி. ஐந்து வயது. அளவெடுக்கும்போது கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். நான் அவளுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் வீரய்யா உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து போட்டார்.

இருக்கிறான் என்றீர்கள். சரி என்றேன். புருவம் எழுதினீர்கள், மச்சம் எழுதினீர்கள், நகம் எழுதினீர்கள். தினமும் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன். நான் வாழ்ந்த மழைக்காலத்தில் எனக்கு அவரைத் தெரியாது. அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன், உங்கள் கடிதங்களில். நான் இங்கே ஒரு சஹன் வாங்கி வைத்திருக்கிறேன், தெரியுமா உங்களுக்கு? தம்பி பிள்ளைகளை உட்கார வைத்து அதில்தான் சாப்பிடுகிறேன். "இது யாரு பக்கம் அத்தை?" என்று கேட்பார்கள். "மாமா பக்கம், தொடாதீங்க" என்பேன். அவர்களும் தொட மாட்டார்கள். ஊரே பைத்தியம் என்று சொல்லும்போது நீங்கள் ஒருத்தர் இருக்கிறீர்கள் என்றுதான் இருந்தேன்.

இப்போது ஒரு மய்யித்தைப் பார்த்தீர்களாம், தெரிந்துவிட்டதாம். அது அடைக்கலத்தின் மய்யித்து. தங்கமுத்துவுக்குத் தடவிப் பார்க்க ஒரு கை கிடைத்தது. எனக்கு என்ன கிடைத்தது? நீங்கள் கொடுத்த சொல்லை நீங்கள் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

கருகமணியைக் கழற்ற மாட்டேன். இனி எனக்கு எழுத வேண்டாம்.

பரக்கத் நிஷா


கோட்டைப்பட்டினம்
12-1-1956

நிஷா,

அந்த மணியை உன் கழுத்தில் கட்டியது நான். பந்தலில் உனக்குப் பின்னால் நின்று என் கையால் முடிச்சுப் போட்டேன். நான் கட்டியதை நான்தான் கழற்ற வேண்டும்.

நீ திட்டியது அத்தனையும் சரி. இன்னும்கூடத் திட்டு, நேரில் வருகிறேன், உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போல் உன்னை ஆகவிட மாட்டேன். கரையில் நின்று ஊரான் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற கிழவியாக நீயும் ஆக வேண்டாம். அது ஒரு பிழைப்பு இல்லை.

பாலம் இன்னும் சரியாகவில்லையாம், பஸ் அறந்தாங்கிவரைதான். அதற்கு மேல் எப்படியாவது வந்து சேருவேன். கதவைத் திற. திறக்காவிட்டால் வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

ஜொஹரா பீவி


கறம்பக்குடி
10-6-1956

மாமிக்கு நிஷாவின் ஸலாம்.

நேற்று இத்தா முடிந்தது. நோன்பும் பெருநாளும்கூட அந்த அறைக்குள்ளேயே வந்து போயின. தம்பி மனைவி தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டினாள். நீலப் புடவை எடுத்து வைத்திருந்தாள். கட்டிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். வெயில் காய்ந்தது. அம்மாவைப் போல மிளகாய் காயப்போடத் தோன்றும், ஏதாவது ஒன்று தோன்றும் என்று நின்றுகொண்டே இருந்தேன். ஒன்றும் தோன்றவில்லை மாமி. வெளியே எனக்கு எதுவும் இல்லை. தம்பி ஒரு இடம் சொல்கிறான். மணமேல்குடியில் வயசான ஆளாம், முதல் மனைவி மௌத்து, பெரிய பெரிய பிள்ளைகள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தம்பியும் வற்புறுத்தவில்லை.

நீங்கள் வந்த அன்றைக்கு உங்களைப் பார்த்ததும் என் கோபம் போய்விட்டது. இத்தனை வருஷத்தில் இப்படி மெலிந்திருப்பீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. காலில் சேறு அப்பி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கடைசியில் நானே குனிந்து கொடுத்தேன். நீங்கள் பல்லால் கடித்து இழுத்தீர்கள். மணி எல்லாம் தரையில் உருண்டோடியது, ரெண்டு பேரும் முழங்காலிட்டுப் பொறுக்கினோம். ஒன்று கிடைக்கவில்லை என்று நீங்கள் கட்டிலுக்கு அடியில் போய்த் தேடினீர்கள்.

அன்று மத்தியானம் அந்த அறைக்குள் என் சஹனில் ரெண்டு பேரும் சாப்பிட்டோமே. நான் உங்களுக்கு எதிரே இருந்தேன். ஊரையெல்லாம் கூட்டி ஜனாஸா தொழ வைத்துவிட்டு, என் கழுத்தில் இருந்ததையும் கழற்றிவிட்டு, வந்து உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நீங்கள் அந்தப் பக்கத்துச் சோற்றைத் தொடவில்லை மாமி. புளியாணத்தை எடுத்து அந்தப் பக்கமும் ஊற்றினீர்கள். ஊற்றுகிறோம் என்றுகூட உங்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்களுக்காகத்தான் நாலு மாசமும் உள்ளே இருந்தேன். அவருக்காக இல்லை. உள்ளே இருந்தபடியும் புருவம், மச்சம், நகம் என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

உங்கள் தங்கச்சி மௌத்தான தாக்கலைக் காத்தாயி கொண்டுவந்தாள். இத்தாவில் இருந்ததால் வர முடியவில்லை. இப்போது அந்த வீட்டில் நீங்கள் தனியாகத்தானே இருக்கிறீர்கள்? மிஷின் ஒன்று தவணையில் வாங்கியிருக்கிறேன். எங்கே வைத்துத் தைத்தாலும் அது ஓடும். நான் வரட்டுமா?

நிஷா


கோட்டைப்பட்டினம்
17-6-1956

மகளே,

வா.

கொல்லைச் சுவரைக் கட்டவில்லை, ஓடு மட்டும் மாற்றியிருக்கிறது. மிஷினைக் கிழக்கு ஜன்னல் பக்கம் போட்டுக்கொள்ளலாம், அங்கேதான் வெளிச்சம். கடல் சத்தம் உனக்குப் பழக நாலு நாள் ஆகும்.

நீ பார்த்ததைப் பார்த்துவிட்டாய். அடைக்கலத்தைப் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அது பொய் இல்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் போட்டால் கை அந்தப் பக்கம் போக மாட்டேன் என்கிறது. நீயாவது தப்பித்துப் போவாய் என்றுதான் வந்து கழற்றினேன். நீயும் போகவில்லை. போன வாரம் நாகப்பட்டினத்துக்கு ஒரு கப்பல் வந்ததாம். போகக் கூடாது என்று இருந்தேன். போய்விட்டு வந்தேன்.

ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். லெப்பை வீட்டுப் பெண்கள் பார்க்க வருவார்கள். கேட்டால், மௌத்தாகிவிட்டார் என்றுதான் நீ சொல்ல வேண்டும். நானும் அப்படித்தான் சொல்கிறேன். கதவைச் சாத்திக்கொண்டு நாம் சாப்பிடுகிறது யாருக்கும் தெரிய வேண்டாம்.

கட்டிலுக்கு அடியில் போன மணி கிடைத்ததா? கிடைத்தால் எடுத்து வா. வருகிற வழியில் உங்கள் சந்தையில் பழம்புளி நல்லதாக இருந்தால் ஒரு வீசை வாங்கிக்கொள். இங்கே கிடைக்கிறது சரியில்லை, புளியாணம் கசக்கிறது. அவனுக்குக் கசந்தால் பிடிக்காது.

உன் மாமி